பந்தாய் ஆலையின் கழிவுநீர் வாயுவில் கோலாலம்பூர் பேருந்து ஓடுமா?

வாசகர் கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

"ஸ்டாக்ஹோமில் கழிவுநீரிலிருந்து எடுத்த வாயுவில் பஸ் ஓடுகிறது. நம் பந்தாய் டாலாமில் 14 லட்சம் பேருக்கான ஆலை பூமிக்கடியில் இருக்கிறது. அந்த வாயுவை ரேபிட் கேஎல் பஸ்களுக்குக் கொடுத்தால் டீசல் செலவு மிச்சம், புகையும் குறையும். செய்ய மனம் இல்லை, அதுதானே காரணம்?"

9 ஆகஸ்ட், இரவு

தம்பி, மனம் இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். முதலில் வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

நான் செந்தூலில் ஒரு பட்டறையில் டாக்சிகளை இயற்கை எரிவாயுவில் ஓட வைக்கும் என்ஜிவி கிட் மாட்டிக்கொண்டிருந்தவன். இப்போது செம்பனை ஆலைகளில் பயோகேஸ் என்ஜின் பராமரிப்பு வேலை. வாயு உற்பத்தியாகும் இடம், அது வண்டியில் எரியும் இடம், இரண்டிலும் கை வைத்திருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

பந்தாய் 2 ஆலையின் வடிவமைப்பு அளவு 14 லட்சத்து 23 ஆயிரம் பேர். நம் நாட்டு விதிப்படி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கு. பெருக்கினால் நாளுக்கு 320,000 கன மீட்டர். இந்தத் தண்ணீர் அப்படியே வாயு தராது. அதிலிருந்து பிரியும் கசடைக் காற்றுப் புகாத பெரிய தொட்டியில், 35 டிகிரி வாக்கில், இரண்டு மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு டைஜெஸ்டர் என்று பெயர். பாக்டீரியா கசடைத் தின்று பயோகேஸ் விடும். நன்றாக நடக்கும் ஆலையில் ஓர் ஆள் கணக்குக்கு நாளுக்கு 18 லிட்டர் போல வரும். அதில் 60 முதல் 65 விழுக்காடு மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு.

ஆகத் தாளில் போட்டால் நாளுக்கு 25,600 கன மீட்டர் பயோகேஸ். மீத்தேன் மட்டும் ஏறக்குறைய 16,000. ஒரு கன மீட்டர் மீத்தேனும் ஒரு லிட்டர் டீசலும் சக்தியில் கிட்டத்தட்டச் சமம். நகர பஸ் ஒன்று நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு அரை கன மீட்டர் குடிக்கும் என்று வைத்தால் 100 கன மீட்டர் வேண்டும். அப்படியானால் 160 பஸ்.

10 ஆகஸ்ட், காலை

160 என்ற எண்ணை யாரும் எங்கும் பகிர வேண்டாம். அது தாள் கணக்கு. நான் பாதியாக வெட்டிவிடுவேன்.

வடிவமைப்பு அளவு வேறு, இன்று உள்ளே வரும் கழிவு வேறு. அப்புறம் நம் ஊர் மழை. நிலத்தடிக் குழாய்களில் விரிசல் வழியாக மழைநீரும் ஊற்றுநீரும் கலந்துவிடும், கழிவுநீர் நீர்த்துப் போகும். தண்ணீர் நிறைய வரும், சத்து குறைவாக இருக்கும். வாயு வருவது சத்திலிருந்துதான். 80 பஸ் என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

11 ஆகஸ்ட்

பினாங்கிலிருந்து ஓர் அண்ணன், ஜெலுத்தோங் ஆலையையும் சேர்க்கச் சொல்கிறார். 12 லட்சம் பேர் அளவு என்பதால் 130 பஸ் ஓடும் என்று என் கணக்கையே போட்டுக் காட்டுகிறார்.

அண்ணே, ஜெலுத்தோங் நடக்கும் முறை வேறு. அங்கே ஒரே தொட்டியில் நிரப்பி, காற்று ஊதி, படிய விட்டு, தெளிந்த நீரை வெளியேற்றி, மறுபடி நிரப்புவார்கள். காற்று ஊதும்போது பாக்டீரியா கழிவின் நல்ல பகுதியை அங்கேயே தின்று கரியமில வாயுவாக விட்டுவிடும். டைஜெஸ்டருக்குப் போவது ஏற்கெனவே பாதி தின்ற மிச்சம். முதலிலேயே கனமான கசடைப் படிய வைத்துப் பிரித்தெடுக்கும் ஆலைதான் 18 லிட்டர் பக்கம் போகும். ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு ஆலைகளையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. ஜெலுத்தோங்குக்கு நான் எண் சொல்லமாட்டேன். பந்தாயைவிட ஆளுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்பது மட்டும் உறுதி.

13 ஆகஸ்ட்

"வாயு இருக்கிறது, பஸ் இருக்கிறது, குழாய் போட வேண்டியதுதானே" என்கிறார் ஒருவர். இதற்குத்தான் நீளமாக எழுத வேண்டும். என் வேலையே இது.

டைஜெஸ்டரிலிருந்து வரும் வாயு ஈரமாக, அழுக்காக வரும். முதல் எதிரி ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் என்போமே அது. ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி என்ஜினை உள்ளிருந்தே அரிக்கும். எண்ணெய் கறுத்துப்போகும், பேரிங் போய்விடும். மனிதனுக்கும் எமன். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைத்துக் குழிக்குள் இறங்கியவர்கள் திரும்பி வராத கதை எல்லா ஊரிலும் உண்டு. மீட்டர் இல்லாமல் நான் எந்தக் குழியையும் எட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது சிலாக்சேன். நகரக் கழிவுநீரில் வரும் தனித் தொல்லை இது. ஷாம்பு, முகப்பூச்சு, வாசனைப் பொருள்களில் இருக்கும் சிலிக்கான் சேர்மங்கள் வாயுவோடு ஏறி வந்து, என்ஜினுக்குள் எரிந்து, வெள்ளைப் பொடியாக வால்விலும் பிஸ்டன் தலையிலும் படியும். மணலைப் போட்டு அரைத்த மாதிரி தேயும். இதைப் பிடிக்கக் கரிப் படுகை வேண்டும். கரி நிறைந்ததும் மாற்ற வேண்டும், அது தொடர்ச் செலவு. செம்பனை ஆலை வாயுவில் இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது. யாரும் ஷாம்பு போட்டுக் குளித்த தண்ணீர் அல்ல அது.

மூன்றாவது கரியமில வாயு. நின்ற இடத்தில் ஓடும் ஜெனரேட்டருக்கு 60 விழுக்காடு மீத்தேன் போதும். பஸ்ஸின் சிலிண்டரில் அடைக்க அது போதாது, எரியாத வாயுவையும் அழுத்திச் சுமந்துகொண்டு ஓட முடியாது. 95 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன் ஆக்க வேண்டும். எளிய வழி தண்ணீர். அழுத்தத்தில் வாயுவைத் தண்ணீருக்குள் விட்டால் கரியமில வாயு கரைந்துவிடும், மீத்தேன் அவ்வளவாகக் கரையாது. சோடா பாட்டிலில் வாயு அடைந்திருப்பது போலத்தான். அழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் அதை வெளியே விட்டுவிடும், அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தலாம். சவ்வு வழியாகப் பிரிக்கும் முறையும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகுதான் கம்பிரசர். 200, 250 பார் அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய அத்தனை மடங்கு. சுத்திகரிப்பும் அழுத்துவதும் சேர்ந்து ஒரு கன மீட்டர் மீத்தேனுக்கு அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கும். ஆகவே "இலவச வாயு" என்று சொல்லும்போது கவனமாக இருங்கள்.

13 ஆகஸ்ட், பிறகு

சுத்திகரிக்கும்போது மீத்தேன் வீணாகாதா என்று கேட்டதற்காக: தண்ணீர் முறையில் ஒன்றிரண்டு விழுக்காடு மீத்தேன் கழிவு வாயுவோடு நழுவிப் போகும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒன்றிரண்டு விழுக்காடு சிறியது என்று விட்டுவிட முடியாது, அதையும் பிடித்து எரிக்க ஏற்பாடு வேண்டும்.

16 ஆகஸ்ட்

பங்சார் அக்கா ஒருவர் பிரிட்டனின் பிரிஸ்டல் பஸ் செய்தியைப் போட்டிருக்கிறார். 2014-ல் அவன்மவுத் கழிவுநீர் ஆலையின் வாயுவில் ஓடிய 40 இருக்கை பஸ். ஒரு முழு டாங்கில் 300 கிலோமீட்டர், அந்த ஒரு டாங்குக்கு ஐந்து பேரின் ஓராண்டுக் கழிவு போதும் என்று உலகம் முழுக்க எழுதினார்கள்.

அக்கா, பஸ் ஓடியது உண்மை. ஐந்து பேர் என்பதைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு நாளுக்கு 18 லிட்டர், ஆண்டுக்கு ஆறரை கன மீட்டர் பயோகேஸ், மீத்தேன் 4 கன மீட்டர். ஐந்து பேருக்கு 20. அதில் பஸ் 40 கிலோமீட்டர் போகும். அங்கே உணவுக் கழிவையும் சேர்த்துத்தான் சொன்னார்கள், அதைக் கூட்டினாலும் என் கணக்கு 300-க்கு எட்டவில்லை. கழிவுநீர் மட்டும் என்றால் 35 பேருக்கு மேல் வேண்டும்.

இதை எழுதுவது அந்த முயற்சியைக் குறைத்துப் பேச அல்ல. இப்படிப்பட்ட எண்ணை நம்பி இங்கே ஒருவர் திட்டம் போட்டு, அது பாதியில் நின்றால், அடுத்த இருபது ஆண்டுக்கு யாரும் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். அதுதான் என் பயம்.

17 ஆகஸ்ட்

ஐந்து பேருக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஓர் ஆளுக்கு எட்டா என்று கேட்டவருக்கு: ஆம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆள் ஓராண்டு முழுக்கக் கொடுக்கும் வாயுவில் ஒரு பஸ் 8 கிலோமீட்டர் ஓடும். பிரிக்பீல்ட்ஸில் ஏறி பந்தாய் டாலாம் போய்ச் சேரலாம்.

23 ஆகஸ்ட்

இதுவரை யாரும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து இந்த நாட்டில் என்ஜிவி வண்டி கிடையாது. புதிதாகப் பதிய முடியாது, உரிமம் புதுப்பிக்க முடியாது, பெட்ரோனாஸ் நிலையங்களில் விற்பனையும் நின்றுவிட்டது. அறிவிப்பு வந்தபோது ஏறக்குறைய 44,000 வண்டிகள் இருந்தன, நாட்டின் மொத்த வண்டிகளில் 0.2 விழுக்காடு.

காரணம் சிலிண்டர். அதன் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டு. நாட்டில் என்ஜிவி 1995-ல் தொடங்கியது, பல வண்டிகளில் சிலிண்டர் ஆயுள் தாண்டிப்போனது. பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கவலை நியாயமானது. சிலிண்டர் கழுத்தில் பொறித்த தேதியைத் தேய்த்து அழித்துவிட்டுக் கொண்டுவந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். என் முதலாளி அதைத் தொடமாட்டார், வெளியே எடுத்துப் போகச் சொல்லிவிடுவார். வேறு ஏதாவது பட்டறையில் வேலை முடிந்திருக்கும்.

லிட்டருக்கு 68 சென் விற்ற காலத்தில் டாக்சி ஓட்டுநர்களுக்கு அது வாழ்வு. பூட்டில் பாதி இடம் சிலிண்டருக்குப் போகும், விமான நிலையச் சவாரிக்குப் பெட்டி வைக்க இடமிருக்காது, நிலையத்தில் வரிசை சாலை வரைக்கும் நீளும். வரிசையில் நின்றபடியே வண்டிக்குள் மதியச் சோறு சாப்பிடுவார்கள். அப்படியும் மாட்டினார்கள், மாதக் கடைசியில் கையில் நின்ற வெள்ளிக்காக.

புத்ராஜெயாவில் என்ஜிவி பஸ்களே ஓடின. எனவே வாயு பஸ் நம்மால் முடியாது என்பது பேச்சே அல்ல. ஆனால் இனி பந்தாய் வாயுவைச் சுத்தம் செய்து வண்டி எரிபொருளாக ஆக்கினாலும் சட்டப்படி ஊற்ற வண்டி இல்லை. தம்பியின் கேள்விக்கு இன்றைய நேரடிப் பதில் இதுதான்.

24 ஆகஸ்ட்

புத்ரா ஹைட்ஸ் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி வெடித்தது பூமிக்கடியில் போகும் பெரிய இயற்கை எரிவாயுக் குழாய். டைஜெஸ்டர் வாயுவுக்கும் அதற்கும் அளவிலும் அழுத்தத்திலும் ஒப்பே இல்லை. இருந்தாலும், வீடு இழந்தவர்களைப் பார்த்த ஊரில் வாயு என்றாலே மக்கள் தள்ளி நிற்பார்கள், அதைத் தவறென்று சொல்லமாட்டேன். பஸ் டெப்போவில் அடைப்பு நிலையம் வருவதென்றால் சுற்றி இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

31 ஆகஸ்ட்

விடுமுறை. உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். இதற்குப் பிறகு நகர பஸ் பற்றிய என் நினைப்பு நன்றாகவே திரும்பிவிட்டது.

கழிவுநீர் ஆலைக்கு மிகப் பெரிய செலவு மின்சாரம். காற்று ஊதும் இயந்திரங்கள்தான் அதிகம் குடிக்கும். ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு 0.4 யூனிட் என்று வைத்தால் பந்தாய் அளவு ஆலைக்கு நாளுக்கு 128,000 யூனிட். பூமிக்கடியில் இருப்பதால் காற்றோட்டச் செலவு தனி. நான் பாதியாக வெட்டிய 8,000 கன மீட்டர் மீத்தேனை ஜெனரேட்டரில் எரித்தால், கன மீட்டருக்கு 3.8 யூனிட் வீதம் 30,000 யூனிட் கிடைக்கும். ஆலையின் சொந்தத் தேவையில் கால் பங்கு கூட இல்லை.

அப்படியானால் வாயுவை பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அதே அளவு மின்சாரத்தை ஆலை மின்சார நிறுவனமான டிஎன்பியிடம் வாங்க வேண்டும். ஒரு பக்கம் டீசல் மிச்சம், இன்னொரு பக்கம் மின் பில்.

இன்னொன்று. ஒரு கன மீட்டர் மீத்தேன் வாயு பஸ்ஸை 2 கிலோமீட்டர் ஓட்டும். அதையே எரித்து 3.8 யூனிட் எடுத்து, சார்ஜ் செய்யும்போது பத்து விழுக்காடு போனாலும் 3.4 மிஞ்சும். நம் வெயிலில் குளிரூட்டியோடு மின்சார பஸ் கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் குடிக்கும் என்று வைத்தால் 2.4 கிலோமீட்டர் போகும். சுத்திகரிக்க வேண்டாம், 250 பார் அழுத்த வேண்டாம், என்ஜினின் சூட்டை டைஜெஸ்டருக்குக் கொடுக்கலாம். மின்சார பஸ்ஸும் நமக்குப் புதிதில்லை, சன்வேயின் தனித்தட விரைவு பஸ் சேவை (பிஆர்டி) 2015 முதல் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

ஆகக் கோலாலம்பூருக்குள் நான் சொல்வது: பந்தாய் வாயுவை ஆலையிலேயே மின்சாரமாக்குங்கள், ஒரு மூச்சு கூடக் காற்றில் விடாதீர்கள், பஸ் மின்சாரத்தில் ஓடட்டும்.

1 செப்டம்பர்

தம்பிக்கு வருத்தம். "இவ்வளவு எழுதிவிட்டு வேண்டாம் என்கிறீர்களே."

வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. இடம் மாற்றிச் சொல்லப்போகிறேன். ஸ்வீடனைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன்.

6 செப்டம்பர்

ஸ்டாக்ஹோமின் ஹென்ரிக்ஸ்டால் ஆலையும் பாறைக்குள் குடைந்ததுதான். அதன் வாயு பஸ்களுக்குப் போகிறது. லிங்ஷோப்பிங் என்ற ஊரில் 2002 முதல் நகர பஸ்கள் எல்லாமே பயோகேஸில். 2005-ல் பயோகேஸ் ரயில் கூட விட்டார்கள். ஆனால் அந்த ஊரின் வாயுவுக்கு முக்கிய மூலம் மாடு வெட்டும் கூடத்தின் கழிவு. வீட்டுக் கழிவுநீரைவிடப் பல மடங்கு சத்துள்ள சரக்கு. ஜப்பானில் கோபே நகரம் 2008-ல் ஹிகாஷிநாடா கழிவுநீர் ஆலையின் வாயுவைத் தண்ணீர் முறையில் சுத்தம் செய்து நகர பஸ்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது.

அவர்களுக்கு அது ஏன் கட்டுப்படியாகிறது? ஸ்வீடனில் டீசலுக்குக் கார்பன் வரி கடுமை, பயோகேஸுக்கு வரிச் சலுகை. நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் நிறைய இருப்பதால் வாயுவை எரித்து மின்சாரம் எடுப்பதில் அவர்களுக்கு லாபம் குறைவு. இங்கே தலைகீழ். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் 3.35 வெள்ளிக்கு ஏறியபோதும், பொதுப் பேருந்துகளுக்கு 1.88 வெள்ளிக்கே கொடுத்தார்கள். பயணிகளின் கட்டணம் ஏறாமல் இருக்க அது தேவைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் 1.88 வெள்ளி டீசலோடு போட்டி போட எந்தச் சுத்திகரிப்பு ஆலையாலும் ஆகாது.

ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். குளிர் நாடுகளில் டைஜெஸ்டரைச் சூடாக வைக்கவே நிறைய வெப்பம் போகும். நமக்கு வெளியிலேயே 30 டிகிரி.

14 செப்டம்பர்

இப்போது இடத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் கழிவுநீர் வாயு என்றால் நகரத்துக்கு வெளியே, செம்பனை ஆலையின் குளத்தைப் பாருங்கள்.

வீட்டுக் கழிவுநீரில் கழிவின் கனம், பிஓடி என்ற அளவில், லிட்டருக்கு 200, 250 மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவுநீரில் 25,000. நூறு மடங்கு. ஆலையிலிருந்து வெளியே வரும்போதே 80 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வரும், அதைச் சூடாக்க வேண்டியதில்லை, ஆற்ற வேண்டும். ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு 28 கன மீட்டர் பயோகேஸ் கிடைக்கும். மணிக்கு 60 டன் குலை பிழியும் ஆலை ஒன்று, நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 1,200 டன் குலை. டன்னுக்கு 0.65 கன மீட்டர் வீதம் 780 கன மீட்டர் கழிவுநீர். வாயு 21,800 கன மீட்டர், மீத்தேன் 13,500.

பந்தாய்க்கு நான் வைத்தது 8,000. தோட்டத்து நடுவில் இருக்கும் ஒரே ஓர் ஆலை, கோலாலம்பூரின் மிகப் பெரிய கழிவுநீர் ஆலையைத் தாண்டி நிற்கிறது. நாடு முழுக்க இப்படிச் சிறிதும் பெரிதுமாக நானூறுக்கு மேல் ஆலைகள்.

ஆலைக்கு அந்த வாயு பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை. பிழிந்த நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் போட்டு எரித்தே நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்வார்கள். டிஎன்பி கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரம் விற்கலாம். உள்ளடங்கிய தோட்டத்தில் கம்பி இழுத்துக் கட்டுப்படியாகாது. அப்போது வாயுவைக் கொளுத்திவிடுவார்கள், அல்லது திறந்த குளமாகவே விட்டுவிடுவார்கள். 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய ஆலைகள் பலவற்றில் குளம் இன்னும் வானத்தைப் பார்த்தபடிதான் கொப்பளிக்கிறது.

இரவு வேலைக்குப் போகும்போது ஒரு ஆலையில் அந்தத் தீச்சுடரை இரண்டு மைல் தூரத்திலிருந்தே பார்ப்பேன். அதே சாலையில் எனக்கு எதிரே டீசல் லோரிகள் எண்ணெய் ஏற்றப் போய்க்கொண்டிருக்கும். வயிறு எரியும்.

15 செப்டம்பர்

முடியும் என்பதற்குச் சான்று கேட்டவருக்கு: கோலகுபுபாரு பக்கம், அரசின் நிலக் குடியேற்ற அமைப்பான ஃபெல்டாவின் சுங்கை தெங்கி ஆலை. செம்பனைக் கழிவுநீர் வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, எரிபொருளாக ஆக்கும் ஆலை அங்கே 2015-லேயே வந்துவிட்டது.

28 செப்டம்பர்

லோரிக்குக் கொடுக்கலாம் சரி, பொதுப் போக்குவரத்து பற்றித்தானே பேச்சு என்று ஒருவர் நினைவூட்டினார். நல்லது.

தோட்டப்புறத்தில் பொதுப் போக்குவரத்து என்றால் என்ன? பல இடங்களில் பழைய பஸ் தடங்கள் நின்றுபோய்விட்டன. மிஞ்சியிருப்பது பள்ளி பஸ்ஸும் தொழிற்சாலை பஸ்ஸும்தான். தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறார்கள். தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் நகர்ந்த பிறகும் பள்ளி பழைய இடத்திலேயே நிற்பதால் தூரம் இன்னும் கூடிவிட்டது. பஸ் கட்டணம் கொடுக்க முடியாமல் பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிய குடும்பங்களை எனக்குத் தெரியும். பள்ளி பஸ் ஓட்டுநரும் வசதியானவர் இல்லை. அவர் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுபவர்.

இந்த வண்டிகளுக்கு மின்சார பஸ் இப்போதைக்கு எட்டாக் கனி. விலை ஒரு பக்கம், சார்ஜ் செய்யும் இடம் இன்னொரு பக்கம். ஆனால் வண்டி தினமும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறது. ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. வாயு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் கிடையாது. நகரம் முழுக்க நிலையங்கள் வேண்டாம், ஒரே ஒரு அடைப்பு நிலையம் போதும். ராத்திரி மெதுவாக அடைத்துக்கொள்ளலாம்.

அதற்குத் தடை, நான் ஆகஸ்ட் 23-ல் எழுதியதுதான். டாக்சிகளில் இருந்த பழைய சிலிண்டர்களை நிறுத்தியது சரி. அதே கதவால் புதிய வண்டியையும் சேர்த்து மூடியது எனக்கு ஏற்க முடியவில்லை. தொழிற்சாலையிலேயே வாயுவுக்கென்று கட்டிய பஸ், பதிவேட்டில் தேதியோடு சிலிண்டர், ஒரே இடத்தில் பராமரிப்பு, வெளியாள் கை வைக்க முடியாத ஏற்பாடு, இப்படி ஒரு குழு வண்டிக்கு விதிவிலக்கு கேட்கலாம். தோட்ட நிறுவனங்களும் பள்ளி வாரியங்களும் சேர்ந்து போக்குவரத்து அமைச்சில் மனு கொடுத்தால் கேட்கக்கூடிய கோரிக்கைதான்.

29 செப்டம்பர்

பட்டறையில் கிட் மாட்டி ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். அந்த வேலை செய்தவனாகச் சொல்கிறேன், பிள்ளைகள் ஏறும் வண்டியில் கூடாது.

22 அக்டோபர்

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், கோலசிலாங்கூர் பக்கம். அங்கே பள்ளி பஸ் ஓட்டும் மாமா ஒருவரிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மில்லு நின்றால் என் பஸ்ஸும் நிற்குமா?"

சரியான கேள்வி. செம்பனைக் குலை வரத்து ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. குலை குறைந்த மாதத்தில் ஆலை சில நாள் ஓடாது, கழிவுநீரும் வராது. ஆனால் வாயு உடனே நிற்காது. மூடிய குளத்தில் வாரக்கணக்கான சரக்கு கிடக்கும், பாக்டீரியா தின்றுகொண்டே இருக்கும். வாயு மெல்லத்தான் இறங்கும். பஸ்களுக்கு வேண்டியது மொத்தத்தில் சிறு பங்கு என்றால் மோசமான மாதத்திலும் தட்டுப்பாடு வராது. ஆண்டுப் பராமரிப்புக்கு மூடுவதைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று மாமாவே சொன்னார்.

சிறு பங்கு என்றால் எவ்வளவு என்று அடுத்து கேட்டார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

25 அக்டோபர்

மாமாவுக்காகவும், மனு எழுதத் தயாராக இருப்பதாகச் சொன்ன பள்ளி வாரிய நண்பருக்காகவும்.

பள்ளி பஸ் சிறியது. நாளுக்கு 120 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு 25 கன மீட்டர் மீத்தேன் என்று வையுங்கள். பஸ் ஒன்றுக்கு 30 கன மீட்டர். இருபது பஸ்ஸுக்கு 600. நான் சொன்ன 60 டன் ஆலையின் மீத்தேன் 13,500, அதில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. 30 டன் ஆலையாக இருந்தாலும் பத்து விழுக்காட்டைத் தொடாது.

இரவு பத்து மணி நேரத்தில் அடைப்பதென்றால் மணிக்கு 60 கன மீட்டர் தள்ளும் கம்பிரசர் போதும், சின்னது. அதற்கு முன்னால் சல்பைடு பிடிக்கும் கோபுரம், உலர்த்தி, சவ்வுப் பிரிப்பான். பிரிப்பானில் மிஞ்சும் வாயுவை ஆலையின் சுடருக்கோ என்ஜினுக்கோ திருப்பிவிட்டால் மீத்தேன் நழுவும் கவலை இல்லை. சிலாக்சேன் கரிப் படுகை தேவைப்படாது.

மனுவில் கேட்க வேண்டியது பணம் அல்ல, முதலில் விதிவிலக்கு. எத்தனை வண்டி, எந்தத் தடம், எந்த ஆலை, சிலிண்டரை யார் எப்போது சோதிப்பார்கள் என்று நான்கையும் எழுதிக் கொடுங்கள். சிலிண்டர் சோதனைப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். ஆலையின் பெயரையும் தடங்களையும் தனியாக அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.